கிளைசின் சீட்டில் வேற யாரும் உட்கார முடியாது



"ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் புரோட்டீனின் அமைப்பு என்ன ஆகும்? உதாரணத்துடன் விளக்குக." இந்தக் கேள்வி வந்தா நம்ம எல்லாரோட பேனாவும் நேரா ஒரே இடத்துக்குத்தான் போகும்: சிக்கிள் செல் அனீமியா. ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியில ஆறாவது இடத்துல குளுடாமிக் அமிலம் போய் வேலின் வந்துடும், சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும், படம் வரைஞ்சு பாகம் குறிச்சா முழு மார்க்.

நல்ல உதாரணம்தான். நீலகிரியில வாழ்ற பழங்குடி மக்கள்கிட்ட இந்த மாற்றம் இருக்குன்னு 1952-லயே ஆய்வுக்கட்டுரை வந்திருக்கு, அதனால நமக்கு அது தூரத்து விஷயமும் இல்ல. ஆனா கேள்வி கேட்டது 'அமைப்பு என்ன ஆகும்'னு. சிக்கிள் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒண்ணைத் தனியா எடுத்துப் பார்த்தா அதோட மடிப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். வெளிப்பரப்புல தண்ணியோட ஒட்டாத ஒரு புள்ளி மட்டும் புதுசா வந்திருக்கும். ஆக்சிஜனை விட்ட நிலையில அந்தப் புள்ளி பக்கத்து மூலக்கூறோட ஒரு குழிக்குள்ள போய் மாட்டிக்கும். அது இன்னொண்ணோட, அது இன்னொண்ணோடன்னு நீண்ட இழையா சேர்ந்துடும். அதாவது உடைஞ்சது ஒரு புரோட்டீனோட உருவம் இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டக்கூடாதவை ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

உருவமே கெட்டுப்போற கதை வேணும்னா வேற புரோட்டீனைப் பார்க்கணும். என்னைக் கேட்டா அதுக்குச் சரியான ஆள் கொலாஜன். காரணம் ரெண்டு. ஒண்ணு, அதுல எந்த இடத்துல எது மாறினா என்ன ஆகும்ங்கறது கண்ணால பார்க்கிற மாதிரி தெளிவா இருக்கும். ரெண்டு, அதோட அமைப்பை முதல்ல சரியான பாதையில யோசிச்சது நம்ம சென்னையில.

முப்புரிக் கயிறு

நம்ம உடம்புல இருக்கிற புரோட்டீன்ல கால்வாசிக்கு மேல கொலாஜன்தான். தோல், தசைநாண், எலும்பு, பல், கண்ணோட வெள்ளைப் பகுதி எல்லாத்துலயும் இருக்கு. சிவில் மக்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, எலும்புங்கறது ஆர்சிசி. கால்சியம் பாஸ்பேட் தாது கான்கிரீட், கொலாஜன் உள்ள இருக்கிற கம்பி. அழுத்தத்தைத் தாங்குறது தாது, இழுவையைத் தாங்குறது கொலாஜன்.

இதுல 28-க்கும் குறையாத வகைகள் இருக்கு. எலும்புல இருக்கிறது முக்கியமா முதல் வகை. அதுல மூணு சங்கிலி: ஆல்ஃபா-1 ரெண்டு, ஆல்ஃபா-2 ஒண்ணு. மூணும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு சுமார் 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன்ல ஒரு குச்சி மாதிரி நிற்கும்.

தென்னை நார்க் கயிறு திரிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமா முறுக்கி, எல்லாப் புரியையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமா முறுக்குவாங்க. அப்பதான் இழுத்தா இறுகும், தானா பிரியாது. கொலாஜனும் அச்சு அசல் அதே டிசைன். தனிச் சங்கிலி ஒவ்வொண்ணும் இடதுபக்கச் சுருள், மூணும் சேர்ந்த பெரிய சுருள் வலதுபக்கம். முப்புரின்னு தமிழ்ல ஒரு சொல் இருக்கு. டிரிப்பிள் ஹீலிக்ஸுக்கு அதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்குமான்னு தெரியல.

இப்ப வரிசைக்கு வருவோம். ஹீமோகுளோபின் மாதிரி உருண்டைப் புரோட்டீன்கள்ல பல வகை அமினோ அமிலமும் கலந்துகட்டி வரும். கொலாஜன்ல அப்படி இல்ல. முப்புரிப் பகுதி முழுக்க 'கிளைசின், எக்ஸ், ஒய்'னு மூணு மூணா ஒரே தாளம். எக்ஸ் இடத்துல அடிக்கடி புரோலின், ஒய் இடத்துல அடிக்கடி ஹைட்ராக்சிபுரோலின், ஆனா அந்த ரெண்டு இடத்துலயும் வேற யார் வேணும்னாலும் வரலாம். மூணாவது சீட்டு மட்டும் கிளைசினுக்கு ரிசர்வ்டு. ஆல்ஃபா-1 சங்கிலியோட சுருள் பகுதியில 1014 அமினோ அமிலம் இருக்கு, அதுல 338 இடம் இப்படி ரிசர்வ் ஆனது. ஒண்ணுகூடத் தவறாது.

கிளைசினுக்கு மட்டும் ஏன் அந்த சலுகை?

1952-ல ஜே.டி.பெர்னல் சென்னைக்கு வந்தப்போ, கொலாஜன் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடலன்னு சொல்லிட்டுப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவரா அப்பதான் சேர்ந்திருந்த ஜி.என்.ராமச்சந்திரன் அதைக் கையில எடுத்தார். கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 1954-ல நேச்சர் இதழ்ல மூணு சங்கிலி மாதிரியை வெளியிட்டார். அடுத்த வருஷமே, மூணும் ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு இருக்குன்னு திருத்தினார்.

இதுல நான் ரசிக்கிற விஷயம் என்னன்னா, அப்ப கொலாஜனோட வரிசையை யாரும் படிச்சு முடிச்சிருக்கல. மொத்தத்துல மூணுல ஒரு பங்கு கிளைசின்ங்கற கணக்கு மட்டும் தெரியும். மூணு சங்கிலியை அவ்வளவு நெருக்கமா அடுக்கினா நடுவுல அச்சுப் பக்கத்துல சைடு செயினுக்கு இடமே இருக்காது, அதனால உள்பக்கம் திரும்புற ஒவ்வொரு மூணாவது ஆளும் சைடு செயினே இல்லாத கிளைசினாத்தான் இருக்கணும்னு வடிவ கணிதத்தை வெச்சே யோசிச்சாங்க. பிற்பாடு வரிசையைப் படிச்சப்போ அது அப்படியே இருந்துச்சு.

அவங்க மாதிரியில ஒரு மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. ரிச்சும் கிரிக்கும் 1955-ல, அப்படி வெச்சா சில அணுக்கள் ரொம்ப நெருங்கிடுது, ஒரு பிணைப்புதான் சாத்தியம்னு மறுத்தாங்க. கடைசியில ஒரு பிணைப்புங்கறதுதான் நிலைச்சது. ஆனா 'ரொம்ப நெருக்கம்னா எவ்வளவு நெருக்கம்?'ங்கற கேள்வியை ராமச்சந்திரன் விடல. அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்னு, தெரிஞ்ச படிக அமைப்புகளை எல்லாம் அலசிக் கணக்கெடுத்தார். அந்த வேலைதான் 1963-ல ராமகிருஷ்ணன், சசிசேகரன் ரெண்டு பேரோடயும் சேர்ந்து அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடமா வளர்ந்துச்சு. இன்னைக்கு உலகத்துல எந்த மூலையில யார் புரோட்டீன் அமைப்பைக் கண்டுபிடிச்சாலும் அந்த வரைபடத்துல போட்டுத்தான் சரிபார்க்கணும்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். ராமச்சந்திரன் வரைபடத்துல கிளைசினுக்கு அனுமதிச்ச பரப்பு ரொம்பப் பெரிசு, ஏன்னா அதோட சைடு செயின் வெறும் ஒரு ஹைட்ரஜன். 'அதனால கிளைசின் நெகிழும், அதுக்காகத்தான் கொலாஜன்ல இருக்கு'ன்னு நிறையப் பேர் எழுதுவாங்க. கொலாஜன் விஷயத்துல அது காரணம் இல்ல. கொலாஜன் சங்கிலியோட ஃபை கோணம் சுமார் மைனஸ் 70, சை கோணம் சுமார் பிளஸ் 150-ஐ ஒட்டி இருக்கும். அந்த இடம் வரைபடத்துல இடதுபக்க மேல்மூலையில எல்லா அமினோ அமிலத்துக்கும் அனுமதிச்ச பகுதி. அலனினும் தாராளமா அந்தக் கோணத்துல நிற்கும். கோணத்துக்காக கிளைசின் தேவையே இல்ல. இடத்துக்காகத்தான் தேவை. மூணு சங்கிலி கூடுற அந்த நடு அச்சுல ஒரு ஹைட்ரஜன் அணு நுழையற அளவுக்குத்தான் இடம் இருக்கு. கிளைசினோட நைட்ரஜன்ல இருக்கிற ஹைட்ரஜன் பக்கத்து சங்கிலியோட எக்ஸ் இடத்து ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும். மூணு அமினோ அமிலத்துக்கு ஒண்ணுன்னு சொன்னோமே, அந்தப் பிணைப்பு இதுதான். நெருங்கி நின்னாத்தான் பிடி கிடைக்கும்.

ஒரு மெத்தில் செய்யற கலாட்டா

இப்ப கிளைசினைத் தூக்கிட்டு அலனினை உட்கார வைப்போம். ஹைட்ரஜன் இருந்த இடத்துல ஒரு மெத்தில். இருபது அமினோ அமிலத்துக்குள்ள இதைவிடச் சின்ன மாற்றம் செய்ய முடியாது.

கொலாஜன் மாதிரியே முப்பது அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்ன பெப்டைடை லேப்ல செஞ்சு, நடுவுல ஒரு கிளைசினுக்குப் பதிலா அலனினை வெச்சு, படிகமாக்கி எக்ஸ்-ரே எடுத்தாங்க. 1994-ல பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் நாலு பேரும் சயின்ஸ் இதழ்ல வெளியிட்டது. 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியம். முப்புரி முழுசா பிரிஞ்சிடல. ஆனா அலனின் இருக்கிற இடத்துல முறுக்கு தளர்ந்து சங்கிலிகள் கொஞ்சம் விலகியிருந்துச்சு. நேரடி ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, அந்த இடைவெளியில தண்ணி மூலக்கூறுகள் புகுந்து பாலம் போட்டிருந்துச்சு. சூடு பண்ணிப் பார்த்தா, சுருள் பிரியற வெப்பநிலை மாற்றம் இல்லாத பெப்டைடைவிட சுமார் 30 டிகிரி குறைவு. மெத்தில்தானேன்னு அலட்சியமா நினைக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அலனின். டி4 வைரஸோட லைசோசைம் ஒரு உருண்டைப் புரோட்டீன். அதுல 99-வது இடத்துல, உள்ளுக்குள்ள எண்ணெய்ப் பசையான நடுப்பகுதியில லியூசின் இருக்கும். அதை அலனினா மாத்தினாங்க. பெரிய ஆளை எழுப்பிட்டு சின்ன ஆளை உட்கார வெச்ச மாதிரி. உள்ள ஒரு வெற்றிடம் உண்டாச்சு, நிலைத்தன்மை மோலுக்கு சுமார் 5 கிலோகலோரி குறைஞ்சது. ஆனா மொத்த உருவம் அப்படியே நின்னுச்சு. அந்த வெற்றிடத்துக்குள்ள பென்சீன் மூலக்கூறு போய் உட்காருற அளவுக்குத்தான் மாற்றம். வந்த ஆள் ரெண்டு இடத்துலயும் அதே அலனின்தான். லைசோசைம்ல இடம் மிச்சமாச்சு, கொலாஜன்ல இடம் போதல. அதனால 'அலனினா மாறினா என்ன ஆகும்?'ங்கற கேள்விக்கு, எந்தப் புரோட்டீன்ல எந்த இடத்துல யாரை எழுப்பிட்டுன்னு தெரியாம பதிலே கிடையாது.

அலனின் தவிர வேற யார் யார் அந்த சீட்டுக்கு வர முடியும்? கோடான் அட்டவணையை எடுத்து வெச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷ வேலை. கிளைசினோட கோடான் நாலும் 'ஜி-ஜி'ன்னு ஆரம்பிக்கும். மூணாவது எழுத்து எப்படி மாறினாலும் கிளைசின்தான், பிரச்சனை இல்ல. முதல் எழுத்து மாறினா செரின், ஆர்ஜினின், சிஸ்டீன், டிரிப்டோஃபேன் வரலாம், அல்லது ஸ்டாப் கோடான் வரலாம். ரெண்டாவது எழுத்து மாறினா அலனின், வேலின், ஆஸ்பார்டிக் அமிலம், குளுடாமிக் அமிலம். ஆக எட்டுப் பேர். இவங்கள்ல அலனினும் செரினும் சின்ன ஆளுங்க, சுருளைக் குறைவா கெடுப்பாங்க. சிஸ்டீன், ஆர்ஜினின் நடுத்தரம். வேலின், குளுடாமிக், ஆஸ்பார்டிக் வந்தா நிலைமை மோசம்னு பெப்டைடு சோதனைகள் காட்டுது. வேலின் பார்க்க ஆர்ஜினினைவிடச் சின்னதுதான், ஆனா அது பேக்போனை ஒட்டியே ரெண்டா கிளை பிரியும். நெருக்கடி இருக்கிறதே அங்கதான். ஆர்ஜினின் நீளமா இருந்தாலும் ஒல்லியா வெளியே நெளிஞ்சு போயிடும்.

ஜிப் எங்க மாட்டுது?

செல்லுக்குள்ள மூணு சங்கிலியும் முதல்ல சி-முனையில, அதாவது வால் பக்கம், ஒண்ணா சேரும். அங்கிருந்து தலைப்பக்கமா, பேக்கோட ஜிப் ஏறுற மாதிரி சுருள் ஏறிக்கிட்டே போகும். நடுவுல கிளைசின் இல்லாத ஒரு பல் வந்தா ஜிப் அங்க திணறும். கொஞ்ச நேரம் நின்னு, வேற இடத்துல பிடிமானம் கிடைச்சு, மறுபடி ஏறும்.

அந்தத் திணறல் நேரத்துல இன்னொண்ணு நடக்கும். சங்கிலி சுருளாம இருக்கிற வரைக்கும்தான் சில என்சைம்கள் அதுல ஹைட்ராக்சில் குழுவையும் சர்க்கரையையும் ஒட்டும். சுருண்டுட்டா கைவைக்க முடியாது. ஜிப் லேட்டானா, இன்னும் ஏறாத தலைப்பக்கப் பகுதி முழுக்க அளவுக்கு மீறி ஒட்டிடுவாங்க. சங்கிலி கனமாயிடும், ஜெல்ல ஓட்டினா நார்மல் பட்டையைவிட மெதுவா நகரும். டிஎன்ஏ-வைப் படிக்கிறது சுலபமாகாத காலத்துல, தோல் செல்லை வளர்த்து இந்த மெதுவான பட்டையைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிச்சாங்க. சீக்வென்சிங் இல்லாமலே ஜிப் எங்க மாட்டுச்சுன்னு தோராயமா சொல்ல முடிஞ்சது.

நோய்னு சொன்னேன், பேரைச் சொல்லல. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா, சுருக்கமா ஓஐ. எலும்பு லேசா தொட்டாலே முறியற நோய். சுமார் 15,000-லிருந்து 20,000 பிறப்புக்கு ஒண்ணு. லேசான வகையில கண்ணோட வெள்ளை நீலமா தெரியும், சின்ன வயசுல சில முறிவுகள், வளர்ந்தப்புறம் காது கேட்கிறது குறையலாம். கடுமையான வகையில குழந்தை வயித்துக்குள்ளயே எலும்பு முறிஞ்சு, பிறந்தவுடனே இறந்துடும். ரெண்டுக்கும் காரணம் ஒரே ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாற்றமா இருக்கலாம்.

ஜிப் கதையை மட்டும் நம்பினா, வால் பக்கம் மாற்றம் இருந்தா கடுமை, தலைப்பக்கம் இருந்தா லேசுன்னு நேர்கோடா இருக்கணும். பாதி உண்மை. 2007-ல பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 682 கிளைசின் மாற்றங்களைத் தொகுத்துப் பார்த்தாங்க. ஆல்ஃபா-1 சங்கிலியோட தலைப்பக்க முதல் 200 இடங்கள்ல வந்த மாற்றம் எதுவும் உயிரைப் பறிக்கல. ஆனா 691-லிருந்து 823 வரை, அப்புறம் 910-லிருந்து 964 வரை ரெண்டு பகுதிகள்ல வந்தது எல்லாமே உயிருக்கு ஆபத்தானதா இருந்துச்சு. நேர்கோடு இல்ல, அங்கங்க அபாயப் பகுதிகள். மத்த மூலக்கூறுகள் கொலாஜன்ல வந்து ஒட்டுற முக்கிய இடங்களோட அந்தப் பகுதிகள் பொருந்துது. கயிறு கயிறா இருக்கிறது மட்டும் போதாது, அதுல கொக்கி மாட்டுற இடமும் ஒழுங்கா இருக்கணும்.

தப்பானது மோசமா, இல்லாதது மோசமா?

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். நல்லா கவனிங்க.

ஒருத்தருக்கு ஆல்ஃபா-1 ஜீன்ல ரெண்டு பிரதி இருக்கும், அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. முதல் ஆளுக்கு ஒரு பிரதி முழுசா வேலை செய்யல, அதுலேருந்து சங்கிலியே வரலன்னு வெச்சுக்கோங்க. ரெண்டாவது ஆளுக்கு ஒரு பிரதியில ஒரே ஒரு கிளைசின் மாறியிருக்கு, சங்கிலி வருது, மத்த 337 கிளைசினும் சரியா இருக்கு. யாருக்கு நோய் கடுமை?

'சுத்தமா இல்லாதவருக்குத்தான்'னு தோணும். கணக்கு போட்டுப் பாருங்க. முதல் ஆளுக்கு வர்ற ஆல்ஃபா-1 எல்லாமே நல்லது, அளவு மட்டும் பாதி. பாதி அளவு கயிறு, ஆனா ஒவ்வொரு கயிறும் தரமானது. ரெண்டாவது ஆளுக்கு வர்ற ஆல்ஃபா-1-ல பாதி நல்லது, பாதி கெட்டது. ஒரு கயிறுக்கு ஆல்ஃபா-1 ரெண்டு வேணும். ரெண்டு காசைச் சுண்டினா ரெண்டும் தலை விழ வாய்ப்பு நாலுல ஒண்ணு. அதே மாதிரி ரெண்டு புரியும் நல்லதா அமையறது நாலுல ஒண்ணுதான். மீதி முக்கால்வாசிக் கயிறுல ஒரு கெட்ட புரியாவது கலந்திருக்கும். நல்ல புரியும் அதோட சேர்ந்து வீணாயிடும். அதுல கொஞ்சம் செல்லுக்குள்ளயே தேங்கி செல்லுக்கே பாரமாகும், கொஞ்சம் வெளியே போய் எலும்போட கம்பிக்கட்டையே கோணலாக்கும். அதனால முதல் ஆளுக்கு வர்றது பெரும்பாலும் லேசான முதல் வகை ஓஐ. ரெண்டாவது ஆளுக்குத்தான் கடுமையான வகைகள் வர வாய்ப்பு.

ஆல்ஃபா-2-ல மாற்றம்னா? ஒரு கயிறுக்கு அது ஒண்ணுதான், அதனால பாதிக் கயிறு கெடும். ஆல்ஃபா-2 கிளைசின் மாற்றங்கள்ல உயிரைப் பறிக்கிறது சுமார் ஐந்தில் ஒரு பங்கு, ஆல்ஃபா-1-ல மூன்றில் ஒரு பங்குன்னு அதே 2007 தொகுப்புல வந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இன்னும் ஒரு படி போங்க. ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற மூணாவது வகைக் கொலாஜன்ல மூணு புரியும் ஒரே ஜீன்ல இருந்து வர்றது. அங்க ஒரு பிரதி கெட்டா நல்ல கயிறு எட்டுல ஒண்ணுதான் தேறும். ரத்தக்குழாய் கிழியற வகை எஹ்லர்ஸ்-டான்லாஸ் நோய் வர்றது அந்த ஜீன்லதான்.

ஜெனிடிக்ஸ்ல டாமினன்ட் நெகட்டிவ்னு ஒரு வரியில படிச்சு மறந்துடுவோமே, அது இதுதான்.

வரிசை மாறாமலேயே கயிறு கெடுற கதையும் உண்டு. புரோலின்ல ஹைட்ராக்சில் ஏத்துற என்சைமுக்கு வைட்டமின் சி வேணும். அது இல்லன்னா கொலாஜன் உருகற வெப்பநிலை உடம்புச் சூட்டைவிடக் கீழே, சுமார் 24 டிகிரிக்கு இறங்கிடும். ஈறுல ரத்தம் வர்ற ஸ்கர்வி அதுதான். எலுமிச்சம்பழம் சாப்பிட்டா சரியாயிடும். கிளைசின் மாற்றத்துக்கு அப்படி ஒரு பழம் இல்ல. கால்சியம் மாத்திரையும் இதைச் சரிபண்ணாது, ஏன்னா ஓஐ எலும்புல தாது பற்றாக்குறை இல்ல. நுண்ணளவுல பார்த்தா சாதாரண எலும்பைவிட நெருக்கமாவே அடைஞ்சிருக்கும். கம்பி கெட்டுப்போன தூண்ல கான்கிரீட்டை அதிகமா கொட்டின மாதிரி. இப்போதைக்கு எலும்பு கரையறதைக் குறைக்கிற பிஸ்பாஸ்ஃபோனேட் மருந்துகள், எலும்புக்குள்ள கம்பி வைக்கிற அறுவை சிகிச்சை, பிசியோதெரபி இவைதான் கைகொடுக்குது.

வீட்டுக்குள்ள வர்ற கேள்வி

நம்ம ஊர்ல ஒரு குழந்தை இப்படிப் பிறந்தா முதல் கேள்வி அம்மாகிட்டதான் போகும். கிரகணத்தப்போ வெளியே போனியா, பப்பாளி சாப்பிட்டியா, கனமா எதையாவது தூக்கினியா? எதுவும் இல்ல. கடுமையான ஓஐ-ல பெரும்பாலான கிளைசின் மாற்றங்கள் பெத்தவங்க ரெண்டு பேரோட ரத்தத்துலயும் இருக்காது. விந்தணுவிலயோ கருமுட்டையிலயோ டிஎன்ஏ நகலெடுக்கும்போது புதுசா வந்தது. முந்நூறு கோடி எழுத்து நகலெடுக்கும்போது ஒண்ணு ரெண்டு பிசகுறது எல்லா வீட்டுலயும் நடக்குது. பெரும்பாலும் அது யாருக்கும் வேண்டாத இடத்துல விழும், நமக்குத் தெரியாமலே போயிடும். இந்த வீட்டுல அது 338 சீட்டுல ஒண்ணுல விழுந்துடுச்சு.

இதுல சொந்தத்துக்குள்ள கல்யாணத்துக்குப் பங்கு இருக்கான்னு கேட்பீங்க. கொலாஜன் ஜீன்ல வர்ற கிளைசின் மாற்றத்துக்கு இல்ல, ஒரு பிரதி கெட்டாலே போதும்ங்கறதால. ஆனா 2006-லிருந்து வேற சில ஜீன்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. கொலாஜனைப் பதப்படுத்துற, மடிக்க உதவுற புரோட்டீன்களோட ஜீன்கள். அதுல ரெண்டு பிரதியும் கெட்டாத்தான் நோய் வரும். அந்த வகைகளுக்கு மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் வாய்ப்பைக் கூட்டும். ரெண்டுக்கும் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு வேற வேற. அதனால எந்த ஜீன்ல எந்த மாற்றம்னு டெஸ்ட் பண்ணாம, அக்கம்பக்கத்துல யாரும் ஆறுதலோ பயமோ சொல்றதுல அர்த்தம் இல்ல. ஜெனிடிக் கவுன்சிலர்கிட்ட போகணும்.

இன்னொரு நடைமுறை விஷயம். இப்படிப்பட்ட குழந்தைக்கு டயப்பர் மாத்தும்போது கணுக்காலைப் பிடிச்சுத் தூக்கக்கூடாது, அக்குளைப் பிடிச்சும் தூக்கக்கூடாது. கையை அகல விரிச்சு முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில கொடுத்துத் தூக்கணும். வெளிநாடுகள்ல, அடிக்கடி எலும்பு முறிஞ்சு வர்ற குழந்தையைப் பார்த்து பெத்தவங்க அடிச்சிட்டாங்கன்னு சந்தேகப்பட்டு வழக்கு வரைக்கும் போன சம்பவங்கள் உண்டு.

'ஆல்ஃபாஃபோல்டுல போட்டா தெரியாதா?'ன்னு சிஎஸ் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கேட்கிறது காதுல விழுது. ஒரு வரிசை எப்படி மடியும்னு சொல்ல அது பிரமாதம். ஆனா ஒரே ஒரு எழுத்தை மாத்திக் கொடுத்தா, பெரும்பாலும் பழைய உருவத்தையே கொஞ்சமும் கூச்சமில்லாம திருப்பிக் கொடுக்கும். அதைப் பழக்கினது அந்த வேலைக்கு இல்ல. ஒரே மாற்றம் ஒரே குடும்பத்துல ஒருத்தரை வீல்சேர்லயும் இன்னொருத்தரை நடக்கவும் வைக்குதுன்னா, அதுக்கு வரிசையைத் தாண்டியும் காரணம் தேட வேண்டியிருக்கு. புராஜெக்ட் தலைப்பு தேடுறவங்க குறிச்சுக்கலாம்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துல தேடல் பெட்டியில ஒன்று, சி, ஏ, ஜி இந்த நாலையும் சேர்த்து டைப் பண்ணுங்க. 1994-ல எடுத்த அந்த அலனின் பெப்டைடு வரும். போன் பிரவுசர்லயே முப்பரிமாணத்துல சுத்திப் பார்க்கலாம். மூணு சங்கிலியிலயும் 15-வது இடம்தான் அலனின். தண்ணி மூலக்கூறுகளைக் காட்டுற ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு, முதல்ல ஒரு நுனியைப் பாருங்க, கிளைசின்கள் நடுவுல எவ்வளவு நெருக்கமா நிற்குதுன்னு தெரியும். அப்புறம் மெதுவா நடுப்பகுதிக்கு வாங்க. வயிறு லேசா உப்பினாப்புல இருக்கும், இடைவெளியில சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும். அதுதான் உள்ளே புகுந்த தண்ணி.